தேன்சிட்டை இனங்காண எது உதவும்: குறிப்பேடா, பைனாகுலரா, கேமராவா, செயலியா?

"வீட்டுச் செம்பருத்தியில் ஹம்மிங் பறவை வந்து தேன் குடிக்கிறது, என்ன இனம் என்று கண்டுபிடிக்க எதை வாங்கலாம்?" என்னும் கேள்வி பாளையங்கோட்டையிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூர்ப் பக்கமிருந்தும் ஏறத்தாழ ஒரே சொற்களில் எனக்கு வருகிறது. கேட்பவர்களில் பலர் கேமரா வாங்குவதென்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டு, வேறொருவர் வாயால் அதைக் கேட்க விரும்புகிறவர்கள். மற்றவர்கள், கைப்பேசியில் இலவசமாகச் செயலி இருக்கும்போது எதற்குச் செலவு என்று தயங்குகிறவர்கள். இருவருக்கும் சேர்த்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். ஆனால் கருவிகளை எடைபோடுவதற்கு முன், நாம் பார்ப்பது எந்தப் பறவை என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் வாங்கும் கருவி தவறான வேலைக்கு வாங்கிய கருவியாகிவிடும்.

## வந்தது ஹம்மிங் பறவை அன்று

ஹம்மிங் பறவை, தமிழில் ஓசனிச்சிட்டு என்று குறிக்கப்படும் பறவைக் குடும்பம், அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. அலாஸ்கா முதல் தென்னமெரிக்காவின் தென்முனை வரை 350க்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே உண்டு. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. நம் செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு. இரண்டும் சிறியவை, இரண்டும் மினுமினுப்பவை, இரண்டும் தேன் குடிப்பவை என்றாலும் உறவுக்காரர்கள் அல்லர். ஓசனிச்சிட்டின் உண்மையான உறவினரை நம் ஊரில் தேட வேண்டுமென்றால் பனைமரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்: பனையோலையின் அடியில் கூடு ஒட்டி, நாள் முழுவதும் வானில் சுற்றித் திரியும் பனை உழவாரன்தான் அதற்குக் கிட்டத்துச் சொந்தம். தேன்சிட்டோ சிட்டுக்குருவியும் காகமும் அடங்கிய பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. பூவின் அடியாழத்தில் உள்ள தேனை எடுக்க வேண்டிய கட்டாயம், உலகின் இரு பக்கங்களிலும் இருவேறு குலங்களில் ஒரே மாதிரியான நீண்ட அலகையும் குழல்போன்ற நாக்கையும் உண்டாக்கியிருக்கிறது.

பறக்கும் விதத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். சுமார் 3 கிராம் எடையுள்ள செங்கழுத்து ஓசனிச்சிட்டு நொடிக்கு 50 முறை அளவில் இறக்கையை வீசி, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, பின்னோக்கியும் பறக்கும். இறக்கையை மேலே தூக்கும்போதும் அது எடையின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. தேன்சிட்டு ஓரிரு நொடி அப்படி நிற்க முயலும், ஆனால் அதன் வழக்கம் கிளையையோ பூங்காம்பையோ பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியாவது குடிப்பதுதான். செம்பருத்தி போன்ற பெரிய பூவில் அது வாயில் வழியே போவதுகூட இல்லை. பூவின் அடிப்பகுதியில் அலகால் துளையிட்டுத் தேனைத் திருடிக்கொண்டு போய்விடும். உதிர்ந்த பூவை எடுத்துப் புல்லிவட்டத்துக்கு மேலே பார்த்தால் அந்த ஊசித்துளை தெரியும்.

அந்தி நேரத்தில் வந்ததாகவும், ஒருமுறைகூட உட்காரவில்லை என்றும், இறக்கை கண்ணுக்கே தெரியவில்லை என்றும் சொல்பவர்கள் பார்த்தது பெரும்பாலும் பறவையே அன்று. வெளிச்சத்திலும் பறக்கும் ஒருவகை அந்துப்பூச்சி, சுருண்டு விரியும் உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் நீட்டி அப்படியே மிதந்து நிற்கும். தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது.

இந்த வேறுபாடு வாங்கும் முடிவையும் பாதிக்கிறது. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்கத் தோட்டங்களுக்கு எழுதப்பட்டவை: அந்தரத்தில் நிற்கும் பறவைக்கான அதிவேகக் கேமரா, ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்த தீவனக் குப்பி என்று போகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தச் சர்க்கரைத் தண்ணீர் விரைவில் புளித்து, எறும்பையும் குளவியையும்தான் கூட்டும். பறவையை அருகில் வரவழைக்க ஓர் இட்லிப்பூச் செடி போதும்.

## நம் வட்டாரத்தில் வாய்ப்புள்ளவை

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு வரக்கூடிய தேன்சிட்டுகள் மூன்று, மலையடிவாரமானால் நான்கு.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டு: ஊருக்குள் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு, உச்சந்தலை பச்சை, தொண்டை ஊதா, வயிறு மஞ்சள். பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் கலந்த வெளுப்பு, மார்பு மஞ்சள்.

ஊதாத் தேன்சிட்டு: ஆண், இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுவதும் உலோகக் கருநீலம். அந்தக் காலம் முடிந்ததும் மினுமினுப்பை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போல மஞ்சள் வயிற்றுக்கு மாறி, தொண்டை முதல் வயிறு வரை நடுவே ஒரு கருங்கோட்டை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்ளும். பெண்ணுக்கு மேற்புறம் ஆலிவ் பழுப்பு, அடிப்புறம் மங்கிய மஞ்சள், கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு.

லோட்டன் தேன்சிட்டு: 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டனின் பெயரைத் தாங்கியது. ஆண், தொலைவில் ஊதாத் தேன்சிட்டைப் போலவே கறுப்பாகத் தெரியும்; ஆனால் அலகு கண்ணில் உறுத்தும் அளவுக்கு நீளமாகவும் அரிவாள்போல வளைந்தும் இருக்கும், வயிறு புகைபடிந்த பழுப்பு, மார்பில் கருஞ்சிவப்புப் பட்டை. பெண்ணுக்குப் புருவக்கோடு இல்லை. அலகு மட்டும் அதே நீளம்.

சின்னத் தேன்சிட்டு: மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. பாபநாசம், மாஞ்சோலை, குற்றாலத்துப் பக்கம் பார்க்கலாம். ஆணுக்கு முதுகு இரத்தச் சிவப்பு. பெண்ணுக்கும் பிட்டம் சிவப்பு, அது ஒன்றே போதும் அதை அடையாளம் காண. பாளையங்கோட்டை மொட்டைமாடியில் இதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் இன்னொருமுறை பார்ப்பது நல்லது.

பளபளப்பான ஆணைப் பிரிப்பது பெரிய காரியம் அன்று. மூன்று இனங்களின் பெண்களும், கோலம் கலைந்த ஊதாத் தேன்சிட்டு ஆணும் ஒரே முருங்கையில் பூவுக்குப் பூ தாவும்போதுதான் உண்மையான சோதனை. கறுப்பாகத் தெரியும் இரு ஆண்களிலும் ஒரு சிக்கல் உண்டு: மார்புப் பட்டையை மட்டும் நம்பி லோட்டன் என்று எழுதிவிடக் கூடாது, ஏனெனில் ஊதாத் தேன்சிட்டு ஆண்கள் சிலவற்றுக்கும் மெல்லிய செம்பழுப்புப் பட்டை இருக்கும். அலகையும் வயிற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளைக் கேட்கிறேன். பெண் பறவையையும் கோலம் கலைந்த ஆணையும் பிரித்துச் சொல்ல இந்த வழி உதவுமா? மாமர நிழலிலும் உச்சிவெயிலிலும் சாரலிலும் வேலை செய்யுமா? வாங்கும் விலையைத் தவிர, இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு என்ன செலவு வைக்கும்? பறவைக்குத் தொந்தரவு தருமா? அந்தப் பொருள் கையில் இல்லாத நாளில், கற்றது நம்மிடம் மிஞ்சுமா? விலையை மூன்றாவதாக வைத்தது வேண்டுமென்றே செய்தது. ஆனால் கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைத்திருக்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதை முக்கியமாகக் கருதாதவர் என் முடிவை ஏற்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். தேன்சிட்டின் ஊதாவும் பச்சையும் சாயத்தால் வருபவை அல்ல. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருபவை. சூரியன் பார்ப்பவரின் முதுகுப்புறம் இருந்தால் நிறம் தீப்போல எரியும். பறவைக்குப் பின்னால் இருந்தால் அதே பறவை கரிக்கட்டை. எந்தக் கருவியும் இந்த விதிக்குத் தப்பாது. ஆகவே காலையில் மரத்துக்குக் கிழக்கே நின்று மேற்கு நோக்கிப் பார்ப்பது, எந்த விலையுள்ள கண்ணாடியைவிடவும் முந்திய முதலீடு.

## வெறுங்கண்ணும் குறிப்பேடும்

செலவு ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும். இதை ஏளனமாக நினைப்பவர்கள் உண்டு, நான் நினைப்பதில்லை. தேன்சிட்டு மனிதர்களுக்குப் பெரிதாக அஞ்சாத பறவை. ஜன்னலுக்கு இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் இட்லிப்பூவோ மாதுளையோ இருந்தால், அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் முன்னாலேயே வந்து குடிக்கும். அந்தத் தொலைவில் அலகின் வளைவும் வயிற்றின் மஞ்சளும் கண்ணுக்கே தெரியும்.

இந்த வழியின் பலம், பறவை என்ன செய்கிறது என்பதைக் காட்டுவது. எந்தப் பூவில் வாயில்வழி குடித்தது, எதில் துளையிட்டது, எந்த நேரத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தன, குஞ்சு பொரித்த நாள்களில் தேனை விட்டுவிட்டுச் சிலந்தியையும் சிறு பூச்சியையும் பிடிக்கத் தொடங்கியது எப்போது என்பவை படத்தில் அகப்படா. புல்லுருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாமரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியின் முற்றிய மொட்டு, தேன்சிட்டு அலகால் அழுத்தும்போது வெடித்து விரிந்து, மகரந்தத்தை அதன் முகத்தில் தெளிக்கும். பிறகு பழுக்கும் பழத்தைத் தின்று விதையை வேறு கிளையில் ஒட்டுவது பூக்கொத்தி என்னும் இன்னொரு சிறு பறவை. ஒரு கிளையில் இவ்விரண்டையும் மாறிமாறிப் பார்த்தவர், பெண் தேன்சிட்டையும் பூக்கொத்தியையும் பிறகு குழப்பிக்கொள்ள மாட்டார்: பூக்கொத்தியின் அலகு குட்டை.

மறைவான செலவு காலம். ஆறு மாதம் எழுதிய பிறகும் உயர்ந்த மரத்தில் இருப்பவை வெறும் "மஞ்சள் வயிறு, சிறிய பறவை" என்றே நோட்டில் நிற்கும். பிட்டத்தின் நிறம் அநேகமாகத் தெரியாது. தவறான குறிப்பை யாரும் திருத்தவும் முடியாது; என் பழைய நோட்டில் இரண்டு ஆண்டுகள் "ஊதாத் தேன்சிட்டு, ஆண், முருங்கை" என்று எழுதி வைத்திருந்தது அடுத்த வீட்டு முருங்கைக்கு வந்த லோட்டன் என்று பின்னால்தான் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும், வீட்டுக்கு வெளியே அதிகம் போக இயலாத பெரியவர்களுக்கும், ஒரே தோட்டத்தை நாள்தோறும் பார்க்கக் கூடியவர்களுக்கும் இதுவே தொடக்கத்துக்குச் சிறந்தது.

## பைனாகுலரும் படக்கையேடும்

மேலே சொன்ன லோட்டனை எனக்குக் காட்டிக்கொடுத்தது இரவல் வாங்கிய ஒரு பைனாகுலர். மார்கழி மாதத்துக் காலை, ஏழரை மணி இருக்கும். முருங்கையின் நுனிக்கொப்பில் அந்தக் கறுப்புப் பறவை, பூங்கொத்தின் மேல் குனிந்து, அலகைப் பூவுக்குள் விட்டு எடுத்தது. எடுக்கும்போது அலகின் நுனியில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அந்த மஞ்சள் புள்ளிக்கும் கண்ணுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தவுடன் தவறு புரிந்தது. அவ்வளவு நீளமான அலகு ஊதாத் தேன்சிட்டுக்குக் கிடையாது. பிறகு பறவை திரும்பி உட்கார்ந்தபோது, கருநீலம் என்று நான் எழுதி வந்த வயிறு மங்கிய பழுப்பாக இருந்தது.

பைனாகுலர் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் உருப்பெருக்கம். விளம்பரத்தில் ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால், கை நடுக்கமும் சேர்ந்து பெருகி, படம் இருண்டு, இலைகளுக்கு நடுவே பறவையைக் கண்டுபிடிக்கவே முடியாது. தேன்சிட்டுக்கு 8 மடங்கு போதும். பெட்டியில் 8×42 என்று இருந்தால், 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 8×42க்கு 5.25 மில்லிமீட்டர், 10×25 என்னும் சட்டைப்பைப் பைனாகுலருக்கு 2.5 மில்லிமீட்டர். மாமர நிழலில் சின்னதில் ஏன் எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் உள்ளது.

கடைக்காரர் சொல்லாத, ஆனால் தேன்சிட்டு பார்ப்பவர் கட்டாயம் கேட்க வேண்டிய எண் இன்னொன்று: எவ்வளவு அருகில் உள்ள பொருளைக் கூர்மையாகக் காட்டும்? ஏரியில் நாரை பார்ப்பவருக்கு இது பொருட்டில்லை. கூந்தன்குளம் நீர்ப்பறவைச் சரணாலயத்துக்கு மட்டும் போகிறவர் பத்து மடங்கையே வாங்கலாம். ஆனால் நம் பறவை மூன்று மீட்டரில் வந்து உட்காரும். ஐந்து மீட்டருக்குக் குறைந்தால் மங்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில்தான் முட்ட வேண்டும். இரண்டு மீட்டர் வரை கூர்மை தருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

தொடக்கநிலைப் பைனாகுலர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். மறைவான செலவு ஈரப்பதம். குற்றாலச் சாரலில் நனைந்ததைத் துடைக்காமல் உறைக்குள் போட்டு, ஐப்பசி அடைமழை முழுவதும் பீரோவில் வைத்தவர், தை மாதத்தில் எடுக்கும்போது வில்லையில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருப்பதைப் பார்ப்பார்; அதைச் சுத்தம் செய்யும் கூலி பல வேளைகளில் பொருளின் விலையோடு போட்டியிடும். இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதும், ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துவதும் பழக்கமாக வேண்டும். வில்லைக்குள் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட வகை உட்புறம் பனிக்காது என்பதால், மலையடிவாரத்தில் குடியிருப்பவர் சற்றுக் கூடுதல் கொடுத்தும் அதை வாங்கலாம்.

படக்கையேடு ஏன் கூடவே வேண்டும் என்றால், கண்ணாடி காட்டும்; பெயர் சொல்லாது. ஆண், பெண், கோலம் கலைந்த ஆண் மூன்றையும் ஒரே பக்கத்தில் வரைந்து காட்டும் கையேடாக இருக்க வேண்டும். ஆணின் படத்தை மட்டும் போட்டிருக்கும் புத்தகம் தேன்சிட்டுக்கு உதவாது. வாரம் ஒருமுறையாவது ஊர் எல்லையைத் தாண்டிப் போகிறவருக்கு, ஒன்று மட்டும்தான் வாங்க முடியும் என்றால், என் தேர்வு இதுவே.

## கேமரா

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதை விரும்புகிறவர்களுக்கு என் அறிவுரை தேவைப்படாது. நல்ல படம் ஒன்று கிடைத்துவிட்டால், அதை வேறொருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம், பெரிதாக்கி அலகை அளந்து பார்க்கலாம், புருவக்கோடு உண்டா இல்லையா என்று நிதானமாக ஆராயலாம். ஐயத்துக்குரிய பெண் பறவையைத் தீர்மானிப்பதில் இதற்கு நிகர் இல்லை. மாஞ்சோலைப் பக்கம் ஒரே நாள் போய்வருபவருக்கு, திரும்பி வந்து ஆற அமரப் பார்க்கும் வாய்ப்பு பெரிய வரம்.

ஆனால் தேன்சிட்டுக்குக் குறைந்தது 300 மி.மீ. நீளத் தூரவில்லையும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான வேகமும் வேண்டும். உடலும் வில்லையுமாக அது இலட்சத்தை எளிதில் தொடும். பிரிக்க முடியாத நீள்ஜூம் கேமரா அதில் பாதிக்கும் குறைவாக முடியும். பிறகு பை, அட்டை, கூடுதல் பேட்டரி, படங்களைச் சேமிக்க வன்தட்டு என்று வந்துகொண்டே இருக்கும். வெளுத்த வானத்துக்கு எதிரே எடுத்தால் பறவை நிழலுருவாகப் பதியும். வெளிச்ச அளவை ஒன்று ஒன்றரைப் படி கூட்டி வைக்காத வரை என் முதல் நூறு படங்களில் எல்லாமே கறுப்புச் சிட்டுகள்.

பெரிய மறைவான செலவைப் பறவை கொடுக்கிறது. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு வீட்டுத் தாழ்வாரக் கம்பியிலும் மின்வயரிலும் கூடு தொங்கவிடும்: நாரும் பஞ்சும் சிலந்திநூலும் சேர்த்துப் பின்னிய ஒரு சிறு பை, வெளியே மரப்பட்டைத் துணுக்கும் புழு எச்சமும் ஒட்டியிருக்க, பக்கவாட்டில் வாயில், அதற்கு மேலே நம் வீட்டுத் திண்ணைத் தாழ்வாரம் போல ஒரு சிறு கூரை. எங்கள் பின்கட்டில் அப்படி ஒன்று இருந்தபோது கேமராவோடு நின்ற நாள் நினைவில் இருக்கிறது. தாய்ப்பறவை அலகில் சிலந்தியைக் கவ்வியபடி துணிக்கொடியில் உட்கார்ந்து, வாலை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது, கூட்டுக்கு வரவில்லை. நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு, அடுத்த மூச்சில் உள்ளே நுழைந்தது. அதன் பிறகு கூட்டருகே கேமராவைக் கொண்டுபோவதை விட்டுவிட்டேன். கூட்டைக் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

## கைப்பேசிச் செயலி

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் வெளியிடும் மெர்லின் இப்போது பலருக்கும் தெரிந்தது. இலவசம், இந்தியாவுக்குரிய தொகுப்பைத் தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் என்பதால், சிக்னல் கிடைக்காத மலைப்பகுதிக்கும் உதவும். படத்தைக் கொடுத்தாலும் பெயர் சொல்லும். 2021 முதல் குரலைக் கேட்டும் சொல்கிறது. குரலை ஒரு வரைபடமாக மாற்றி, அந்த வரைபடத்தை ஏற்கெனவே பயின்ற குரல்களோடு ஒப்பிடுவதே அதன் முறை.

குரல் என்பது நாம் குறைத்து மதிப்பிடும் அடையாளம். ஊதாத் தேன்சிட்டின் பாட்டு "சிவீட் சிவீட்" என்று அடுக்கி வரும். லோட்டனுடையது "டிட்டி டிட்டு வீச்சி" என்பதுபோலத் திரும்பத் திரும்ப வரும். கறுப்பாகத் தெரியும் இரண்டு ஆண்களையும் இலைமறைவில் பிரிக்க இதைவிட வசதியான வழி இல்லை. பறவையைப் பார்க்கும் முன்பே, இந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு துணை செயலி. அந்த அளவில் அதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

அந்த அளவுக்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால்தான் தொல்லை. தேன்சிட்டுகளின் தனித்தனிக் கூப்பாடு எல்லாம் ஏறத்தாழ ஒரே "சிட் சிட்". பக்கத்து வீட்டு மிக்ஸியும் தெருவில் போகும் மீன்காரர் ஒலிபெருக்கியும் சேர்ந்த காலைநேரத்தில் கைப்பேசியின் ஒலிவாங்கி தடுமாறுவது இயல்பே. செயலி தருவது ஊகம். திரையில் பெயரும் அழகான படமும் ஒன்றாக வரும்போது நமக்குத் தீர்ப்பாகத் தோன்றுகிறது. அந்த ஊகத்தைச் சரிபார்க்காமல் ஈபேர்டு போன்ற பொதுப் பதிவேட்டில் ஏற்றினால், அந்த வட்டாரத்துப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் தலையில் வேலை விழும். இன்னொரு மறைவான செலவு, செயலியில் உள்ள குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் ஆசை: ஆண் பறவை எதிரி வந்துவிட்டதென்று எண்ணிக் குடியிருப்பைக் காக்க அலையும், குஞ்சு காத்துக்கிடக்கும். கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கற்றது மிஞ்சுமா என்ற என் கேள்விக்கு இதுதான் குறைந்த மதிப்பெண் பெறுகிறது. பெயரை உடனே பெற்றவர் அலகைப் பார்ப்பதில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர், ஒரு வார விடுமுறைக்கு வந்தவர், பறவை பார்ப்பதில் விருப்பம் நிலைக்குமா என்று இன்னும் தெரியாதவர் ஆகியோர் செலவில்லாத இதிலேயே தொடங்கலாம்.

## அடையாளங்கள் வாரியாக ஒரு பார்வை

| அடையாளம் | கண், குறிப்பேடு | பைனாகுலர், கையேடு | கேமரா | செயலி |
|---|---|---|---|---|
| அலகின் நீளமும் வளைவும் | அருகில் வந்தால் தெரியும் | தெளிவு | மிகத் தெளிவு, அளக்கலாம் | நல்ல படம் கொடுத்தால் |
| வயிறு, தொண்டை நிறம் | ஓரளவு | தெளிவு | வெளிச்சத்தைப் பொறுத்தது | நல்ல படம் கொடுத்தால் |
| பெண்ணின் புருவக்கோடு | தெரியாது | பொறுமை வேண்டும் | மிகத் தெளிவு | படம் கொடுத்தாலும் தடுமாறலாம் |
| பிட்டத்தின் நிறம் | அரிது | பறவை திரும்பினால் | தற்செயல் | பெரும்பாலும் இல்லை |
| பாட்டு | பழகினால் | உதவாது | காணொளியில் மட்டும் | இதன் பலம் |
| கூடு, இரை, இணை | இதன் பலம் | நன்று | துண்டுதுண்டாக | இல்லை |

## எந்த வரிசையில் வாங்குவது

நான்கும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதால், கேள்வி பெரும்பாலும் எதை முதலில் என்பதாகவே முடிகிறது. ஊருக்குள் குடியிருந்து, தோட்டமோ தொட்டிச் செடியோ வைத்திருப்பவர் முதல் மூன்று மாதம் குறிப்பேட்டையும் செயலியையும் மட்டும் வைத்துக்கொண்டு, செயலி சொல்லும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தான் கண்ட ஓர் அடையாளத்தையாவது எழுதட்டும். அடையாளம் எழுத முடியாத நாளில் பெயரையும் எழுத வேண்டாம். அந்த நோட்டில் "தெரியவில்லை" என்ற சொல் அடிக்கடி வரத் தொடங்கும் மாதத்தில் 8×42 பைனாகுலர் வாங்கலாம். அதற்கு முன் வாங்கினால் அது பீரோவில் பூஞ்சைக்குத்தான் உணவாகும். களக்காடு, அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் வாழைத்தோட்டத்தை ஒட்டி வீடு உள்ளவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வாழைப்பூ மடல் விரியும் வேளையில் மூன்று இனங்கள் ஒரே தாற்றில் வந்து சண்டையிடும். காட்டை ஒட்டிய தோப்பானால், தேன்சிட்டைவிடப் பெரிய, அலகு இன்னும் நீண்ட சிலந்திபிடிப்பானும் வரக்கூடும். அந்த உயரத்தில் வெறுங்கண் போதாது.

கேமராவை, பைனாகுலரில் ஓர் ஆண்டு பார்த்து முடித்த பிறகும் ஆசை குறையாதவர் வாங்கலாம். இடைவழியாக, கைப்பேசியின் வில்லையைப் பைனாகுலரின் ஒரு கண்ணோடு ஒட்டிப் பிடித்து எடுக்கும் படம், அழகுக்கு உதவாவிட்டாலும், புருவக்கோடு உண்டா என்று பார்க்கப் பல வேளைகளில் போதும். லோட்டன் பெண் என்று என் நோட்டில் உறுதியாக எழுதிய முதல் வரிக்குச் சான்று அப்படி எடுத்த மங்கலான ஒரு படமே: ஓரத்தில் என் கட்டைவிரல், நடுவில் முருங்கைப்பூ, அதற்குள் பாதி நுழைந்த நீண்ட வளைந்த அலகு, கண்ணுக்கு மேலே கோடு இல்லை.